விரதத்தோடு வைத்தியமும் வேண்டும்



திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும், "இனி மதுவைத் தொடமாட்டேன்" என்று அம்மன் சந்நிதியில் சத்தியம் செய்வோர் ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் இன்றும் உளர். அந்த உறுதி போற்றத்தக்கது. ஆயினும், பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உடலில் என்ன நிகழும் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் அவசியம். அறியாமை உயிரைப் பறித்துவிடக்கூடும்.

தோட்டப்புறத்தில் குடி தானாக வளர்ந்ததன்று. ஆங்கிலேயர் காலத்தில் லயங்களுக்கு அருகிலேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்கின. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், அவற்றை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலம், பீடோங், ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கு எதிராக மறியல் நடத்தியது. பிற்காலத்தில் கள்ளினும் கடுமையான மலிவு விலைச் சம்சு பல குடும்பங்களைச் சீரழித்தது.

குடிகாரரை மனவலிமை அற்றவர் என்று ஊர் ஏசுகிறது. மருத்துவ அறிவியலோ அதனை மூளையைப் பற்றிய நோய் என்கிறது. மது, மூளையின் வேகத்தைத் தணிக்கும் 'காபா' எனும் வேதிப்பொருளின் செயலுக்குத் துணைபுரிகிறது. வேகத்தைத் தூண்டும் 'குளுட்டமேட்' எனும் பொருளின் செயலை அடக்குகிறது. நாள்தோறும் குடிப்பவரின் மூளை இதனை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது சட்டென நின்றதும் தடை நீங்கிவிடுகிறது. வேகம் மட்டும் எஞ்சுகிறது. மேட்டிலிருந்து இறங்கும் லாரிக்குப் பிரேக் அறுந்தது போன்ற நிலை அது.

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைந்நடுக்கம், வியர்வை, குமட்டல், உறக்கமின்மை தோன்றும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் காய்ச்சலும் படபடப்பும் கூடி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆளும் இடமும் விளங்கா. 'டெலிரியம் டிரெமன்ஸ்' எனப்படும் இந்நிலைக்குச் சிகிச்சை அளிக்காவிடில் மரணம் நேரலாம்.

விபரீதம் இங்கேதான். விரதத்தின் மூன்றாம் நாள் ஒருவர் நடுங்கிப் பிதற்றினால், சிலர் அதை அருள் வந்தது என்பர். சிலர் பேய் பிடித்தது என்பர். வேப்பிலை அடித்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தானது. 999-ஐ அழைக்க வேண்டும். அல்லது சிரம்பான் துவாங்கு ஜாபார், போர்ட்டிக்சன், ஜெம்போல் மருத்துவமனைகளில் அருகில் உள்ளதற்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவர் டயசெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாள்களில் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். மூளையைக் காக்கத் தயமின் எனும் வைட்டமின் பி1 தருவார். இம்மருந்துகளைத் தாமாக வாங்கி உண்பதும், குடியை மறக்கச் செய்யும் மாத்திரையைக் குடிப்பவர் அறியாமல் சோற்றில் கலப்பதும் பேராபத்து.

நடுக்கம் தீர்ந்ததும் நோய் தீர்ந்ததாகாது. மது தந்த இன்பத்தை மூளை எளிதில் மறப்பதில்லை. பழைய கூட்டாளியும் சம்பள நாளும் அந்த ஆசையைத் திரும்ப எழுப்பும். ஆதலால் மாதக்கணக்கில் ஆலோசனையும் குடும்பத்தின் அரவணைப்பும் தேவை. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது இதனாலேயே. மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டவரைச் சத்தியம் தவறியவர் என ஒதுக்காது, மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறம்.

ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். காப்புக் கட்ட வருபவரிடம், "காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குமா?" என்று தனியே அழைத்து அன்போடு கேளுங்கள். ஆம் என்பாரானால், முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் உடல் தேறி வந்து கட்டிக்கொள்ளும் காப்பையும் அம்மன் ஏற்பாள்.