செய்தி தவறினும் நீர் தவறலாகாது
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மின்சாரம் எங்கோ ஒரு பெரிய நிலையத்தில் உற்பத்தியாகி, கம்பி வழியே ஊருக்கு வருவது என்றிருந்த காலம் மாறி வருகின்றது. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-ஆம் ஆண்டிலேயே 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைத் தன் உடைமையாக்கிக்கொண்டது. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்தின் வாயிலாக, இன்று கிணற்றடியிலேயே சூரியசக்தி பம்புசெட்டுகள் இயங்குகின்றன.

வயல்தோறும் பரவிக் கிடக்கும் இச்சாதனங்களை நாள்தோறும் நேரிற் சென்று பார்ப்பது இயலாது. ஆகவே, அவற்றுடன் தொலைக் கண்காணிப்புக் கருவியும் பொருத்தப்படுகின்றது. பம்பு எவ்வளவு நேரம் ஓடிற்று, பழுது ஏதேனும் உண்டா என்ற செய்திகளை அக்கருவி சிம் அட்டையின் துணையால் கைப்பேசிக் கோபுரத்திற்கு அனுப்பும்.

நல்ல ஏற்பாடுதான். ஆயினும், ரேடியோ அலைக்கும் சில இயற்கை விதிகள் உண்டு. திறந்த வெளியிற்கூடத் தூரம் இரு மடங்கானால், வந்து சேரும் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இடையே குன்றோ, ஈரம் மிகுந்த தென்னந்தோப்போ இருப்பின் இன்னும் குறையும். ஏரியலை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாலோ, அலை வெளியேறுவதே அரிதாகும்.

கோபுரம் எட்டாத ஊர்களுக்கு வேறு வழியும் உண்டு. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை, விதித்த ஆற்றல் வரம்புக்குள் உரிமம் இன்றியே பயன்படுத்தலாம். சிறு செய்திகள் இதில் சில கிலோமீட்டர் செல்லக்கூடும். ஆனால், கிராம சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் எவர் பேச்சும் விளங்காதன்றோ? கருவிகளும் அவ்வாறே. முறை வைத்துப் பேசுமாறு அவற்றை அமைத்தல் வேண்டும்.

மற்றொன்றையும் கருத வேண்டும். சூரியத் தகடு 25 ஆண்டுகள் உழைக்கவல்லது. தொலைத்தொடர்பு முறைகளோ அதற்குள் மாறிவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா நிறுவனம் 2016 டிசம்பரில் தன் 2ஜி சேவையை நிறுத்தியது. அதை மட்டுமே நம்பியிருந்த கருவிகளுக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று.

ஆகையால், கருவி வாங்குமுன் சில கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். அலை வலிமையைக் கிணற்றடியிலேயே சோதித்தார்களா? பயிரும் மரமும் வளர்ந்த பின்னரும் அது எட்டுமா? ஏரியல் பெட்டிக்கு வெளியே உயரத்தில் உள்ளதா? தொடர்பு அறுந்தால் செய்திகளைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்புமா? தொடர்புப் பகுதியை மட்டும் தனியே மாற்ற இயலுமா?

எல்லாவற்றிற்கும் மேலான கேள்வி ஒன்று உண்டு. தொடர்பே இல்லாவிடினும் பம்பு ஓடுமா? கிணற்றில் நீர் வற்றினால் தானே நின்று மோட்டாரைக் காக்குமா? இக்காவல் கிணற்றடிப் பெட்டியிலேயே அமைந்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் கட்டளைக்காகக் காத்திருத்தல் ஆகாது. செய்தி ஒரு நாள் தாமதமாக வந்தால் கணக்கு எழுதுவதுதான் தாமதமாகும். கதிர் பிடிக்கும் பருவத்தில் நீர் தாமதமானாலோ விளைச்சலே குன்றும்.

கம்பியில்லாத் தொடர்பு நமக்குக் கண்ணாகவும் காதாகவும் உதவட்டும். பயிரின் உயிரை அதனிடம் மட்டும் ஒப்படைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகின்றேன்.