விமானி வீட்டில் தூங்கட்டும்!

(தலைப்பு: மலிவுக் கட்டண விமானச் சேவை வளர முதலில் வேண்டியது புதிய வழித்தடங்களே! விமானிக்கு ஓய்வே! இரண்டாவது அணியில் நிறைவாகப் பேசியது.)



எனக்கு முன்னாலே பேசிய சகோதரி என்ன சொன்னாங்க? "ஊருக்கு ஊர் விமானம் விடணும். வழித்தடம் பெருகினாத்தான் மக்கள் பறப்பாங்க. ஓய்வெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொன்னாங்க. அழகாப் பேசினாங்க. நானே கை தட்டினேன். ஏன்னா, அதிலே பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியைச் சொல்லத்தான் நான் வந்திருக்கேன்.

நம்ம தாத்தா காலத்திலே விமானம்னா என்னங்க? வயல்லே களை எடுத்துக்கிட்டிருக்கும்போது சத்தம் கேட்டா, நிமிர்ந்து, நெற்றியிலே கையை வச்சுப் பார்க்கிற பொருள். அவ்வளவுதான். அந்த நிலைமையை மாற்றியது யார்? 2003-ஆம் ஆண்டிலே கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ராணுவத்திலே இருந்தவர், விவசாயம் பார்த்தவர். சின்ன விமானத்தை வச்சுக்கிட்டுச் சின்ன ஊர்களுக்குப் பறந்தார். பின்னாலே சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்குக்கூடக் கொடுத்தார். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் 2020-லே 'சூரரைப் போற்று' படம் வந்தது. 2006 ஆகஸ்டிலே இண்டிகோ வந்தது. 2017-லே உடான் திட்டம் வந்தது. 2018 மார்ச்சிலே அந்தத் திட்டத்தின் கீழே சென்னையிலிருந்து நம்ம சேலத்துக்கு விமானம் வந்தது. ரப்பர் செருப்புப் போட்டவரும் பறந்தார். நான் இதையெல்லாம் மறுக்கவே இல்லை. மனசார வாழ்த்துறேன்.

ஆனா நடுவர் அவர்களே, ஒரு சின்னக் கேள்வி. வழித்தடம் என்பது என்ன? வரைபடத்திலே ஒரு கோடு! சேலத்துக்கும் ஹைதராபாத்துக்கும் நடுவிலே ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? அளவுகோல் கிடைச்சா அரை நிமிஷம். அந்தக் கோட்டின் மேலே தினமும் போய்த் திரும்பி வர ரெண்டு பேர் வேணும். தூங்கி எழுந்த ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டு பேரைப் பற்றி எதிரணி இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலையே, ஏன்?

கட்டணம் எப்படிங்க குறையுது? முதலாளி கருணையினாலா? இல்லை. ஒரே வகை விமானமா வாங்குவாங்க. பழுது பார்க்கிறதும் பயிற்சி கொடுக்கிறதும் சுலபம். உள்ளே நெருக்கமா இருக்கை போடுவாங்க. சாப்பாட்டுக்குத் தனிக் காசு. இவ்வளவையும் செய்துட்டு முக்கியமான வேலை ஒண்ணு செய்வாங்க. விமானத்தை நிற்கவே விடமாட்டாங்க! வந்து இறங்கி, ஆளை இறக்கி, குப்பையைக் கூட்டி, ஆளை ஏற்றி, ஏறக்குறைய அரை மணி நேரத்திலே மறுபடியும் கிளம்பணும். தரையிலே நின்னா செலவு, வானத்திலே பறந்தா வரவு. இதுதான் அவங்க கணக்கு.

நல்ல கணக்குதான். இரும்புக்குத் தூக்கம் வேண்டாம். ஆனா அதை ஓட்டுகிறவன் இரும்பா?

இப்போ நான் ஒரு கணக்குப் போடறேன். தமிழ் வாத்தியார் கணக்குப் போடுறாரேன்னு பயப்படாதீங்க. பெருக்கலும் வகுத்தலும்தான். ஒரு விமானம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் பறக்குதுன்னு வச்சுக்குங்க. வருஷத்துக்கு 4,380 மணி நேரம். ஒரு விமானி வருஷத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேலே பறக்கக் கூடாதுன்னு நம் நாட்டு விதி. அப்ப எத்தனை ஜோடி வேணும்? நாலு ஜோடி போதாது, அஞ்சு ஜோடி வேணும். அதாவது ஒரே ஒரு விமானத்துக்குக் குறைந்தது பத்து விமானிகள். அதுவும் எப்போ? அந்தப் பத்துப் பேருக்கும் காய்ச்சல் வராம, கல்யாணம் ஆகாம, பயிற்சிக்குப் போகாம, எல்லைக்கோடு வரைக்கும் பறந்தா! நடக்கிற காரியமா?

விமானம் ஆர்டர் கொடுத்தா வந்துடும். 2023 ஜூன் மாசம் பாரிஸ் கண்காட்சியிலே இண்டிகோ ஒரே நாளிலே 500 விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தது. கேப்டனை ஆர்டர் கொடுத்து வாங்க முடியுமா? கேப்டனாக உட்காருவதற்கான உரிமம் வாங்கவே 1,500 மணி நேரம் பறந்திருக்கணும். தென்னங்கன்று நட்ட மறுநாளே இளநீர் கேட்டா எப்படிங்க?

என்கிட்டே தமிழ் படிச்ச பையன் ஒருத்தன் இன்றைக்கு விமானி. நிறுவனத்தின் பேர் வேண்டாம். ஒருநாள் வீட்டுக்கு வந்தான். "என்னப்பா, ராஜா மாதிரி வாழ்க்கையா?"ன்னு கேட்டேன். சிரிச்சான். "ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திருப்பேன். நாலு மணிக்கு நிலையத்திலே இருக்கணும். நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்குவேன். நடுவிலே கிடைக்கிற அரை மணியிலே எரிபொருள் பார்க்கணும், வானிலை பார்க்கணும், சாப்பாட்டை மடியிலே வச்சுக்கிட்டே கையெழுத்துப் போடணும். அப்புறம் வேற ஊர் ஓட்டல். மறுநாள் ராத்திரி வேலை. எந்த ஊர்லே இருக்கேன்னு ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாத்தான் தெரியும்"னான். அவன் அம்மா போன் பண்ணி, "காலையிலே என்னப்பா சாப்பிட்டே?"ன்னு கேட்பாங்களாம். அவன் பதில், "அம்மா, இது காலையா?"

"வானத்திலே பயமா இருக்காதா?"ன்னு கேட்டேன். அதுக்கு அவன் சொன்னான்: "வானம் பயமில்லை ஐயா. பகல் ரெண்டு மணிக்குத் தூக்கம் வராமப் படுத்துக் கிடக்கிறதும், ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வரும்போது முழிச்சுக்கிட்டு இருக்கிறதும்தான் பயம்."

நடுவர்: பேராசிரியரே, நம்ம ஊர் பஸ் டிரைவரும்தான் ராத்திரி முழுக்க ஓட்டுறாரு. அவருக்கும் தூக்கம் வருமே?

வரும் ஐயா. அவருக்கும் ஓய்வு வேணும்னுதான் நான் சொல்லுவேன். ஆனா அவருக்குக் கண்ணைச் சொக்கினா ஓரமா நிறுத்தி, முகத்தைக் கழுவி, ஒரு டீ குடிக்கலாம். 35,000 அடி உயரத்திலே ஓரம் ஏதுங்க? டீக்கடை ஏதுங்க? (கைதட்டல்)

சிரிச்சுட்டோம். இனிச் சொல்லப்போறது சிரிக்கிற விஷயம் இல்லை.

2010 மே 22, விடியற்காலை. துபாயிலிருந்து மங்களூருக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒண்ணு வந்தது. அதுவும் மலிவுக் கட்டண விமானம்தான். 166 பேர். பாலைவனத்திலே உழைச்சு, பிள்ளைக்குப் பொம்மையும் மனைவிக்குப் புடவையும் வாங்கிக்கிட்டு வந்த ஜனங்க நிறையப் பேர் அதிலே இருந்தாங்க. மலை உச்சியிலே அமைந்த ஓடுபாதை. விமானம் ஓடுபாதையைத் தாண்டி, பள்ளத்திலே விழுந்தது. 158 பேர் போயிட்டாங்க. எட்டே பேர் பிழைச்சாங்க. விசாரணை மன்றம் என்ன கண்டது? தவறான உயரத்திலே இறங்க வந்தும், இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறாததுதான் நேரடிக் காரணம். அதுக்குத் துணை நின்ற காரணங்களிலே ஒண்ணு, கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலே தூங்கியிருந்தார் என்பது. கருப்புப் பெட்டியிலே குறட்டைச் சத்தம் பதிவாகியிருந்தது. தூக்கம் கலைஞ்சு எழுந்தவருக்கு மூளை தெளியாம இருந்திருக்கலாம். துணை விமானி "மேலே ஏறுங்கள்" என்று சொல்லியும் அது நடக்கவில்லை.

இன்னொண்ணு, 2024 ஜனவரி 25. இந்தோனேசியாவிலே லயன் குழுமத்தைச் சேர்ந்த பாட்டிக் ஏர் விமானம். கேப்டன் கொஞ்சம் கண்ணயர்கிறேன்னு துணை விமானியிடம் சொல்லிவிட்டுத் தூங்கினார். அந்தத் துணை விமானியும் தூங்கிட்டார். 28 நிமிஷம்! உள்ளே 153 பயணிகள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாங்க, பதில் இல்லை. கேப்டன் தானா விழிச்சதாலே எல்லாரும் பிழைச்சாங்க. அந்தத் துணை விமானி ஏன் தூங்கினார்? வீட்டிலே பிறந்து ஒரு மாசமே ஆன இரட்டைக் குழந்தைங்க. மனைவியோடு சேர்ந்து ராத்திரியெல்லாம் பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்த தகப்பன்! தாய்மார்களே, அவன் கெட்டவனா? நல்ல தகப்பனுக்கும் தூக்கம் வரும். அதுக்கு இடம் கொடுக்காத அட்டவணைதான் கெட்டது.

பதினாலு வருஷம் தூங்காம இருந்தவன்னு நாம் கேள்விப்பட்டது இலக்குவன் ஒருத்தனைத்தான். அவனுக்கும் அது உழைப்பாலே வரலை, நித்திரா தேவி கொடுத்த வரத்தாலே வந்ததுன்னு கதை சொல்றாங்க. அவன் தூக்கத்தையும் சேர்த்து ஊர்மிளை தூங்கினாளாம். நம்ம விமானிக்கு எந்த தேவி வரம் கொடுத்தா?

இப்போ எதிரணிப் பேராசிரியர் எழுப்பின பெரிய கேள்விக்கு வர்றேன். "ஓய்வு விதி வந்ததாலேதானே 2025 டிசம்பரிலே நாடே ஸ்தம்பித்தது?"ன்னு கேட்டார். ஐயா, என்ன விதி அது? வாரத்துக்கு 36 மணி நேரமா இருந்த தொடர் ஓய்வை 48 மணி நேரம் ஆக்கினாங்க. நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும் இரவு என்றாங்க. அந்த நேரத்திலே ஆறு தடவை தரையிறங்கலாம்னு இருந்ததை ரெண்டு தடவை ஆக்கினாங்க. இதை எப்போ அறிவிச்சாங்க? 2024 ஜனவரியிலே! முழுசா நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 1-ஆம் தேதி. ஏறக்குறைய ரெண்டு வருஷம்! கர்ப்பம் தரிச்சு, குழந்தை பிறந்து, அது நடக்கவே ஆரம்பிச்சுடும். அந்த அவகாசத்திலே விமானியைச் சேர்த்திருக்க வேண்டாமா?

ஆயிரம் பேருக்குப் பத்திரிகை அடிச்சாச்சு. சமையலுக்கு ரெண்டே ஆள். கல்யாணத்தன்றைக்குப் பந்தியிலே சோறு இல்லை. கேட்டா, "சமையல்காரர் தூங்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க"ன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? (சிரிப்பு)

டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளிலே இண்டிகோவின் 2,500-க்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. மூணு லட்சத்துக்கு மேலே பயணிகள் தவிச்சாங்க. கர்நாடகத்திலே ஒரு மணமக்கள் தங்கள் வரவேற்புக்கே வந்து சேர முடியலை. மண்டபத்திலே பெண்ணைப் பெற்றவங்க மேடை நாற்காலியிலே உட்கார, மணமக்கள் திரையிலே கையசைச்சாங்க. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரிச்சு, விமானம், ஆள் எல்லாவற்றையும் இடைவெளியே இல்லாமல் இறுக்கிப் போட்டதும், விதிக்குத் தயாராகாததும்தான் காரணம்னு சொன்னது. இதே விதியின் கீழே மற்ற நிறுவனங்கள் பறந்துக்கிட்டுத்தானே இருந்தன?

முடிவு என்ன ஆச்சு? இரவு விதியிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிகமா விலக்குக் கொடுத்தாங்க. கூடவே, அட்டவணையிலே பத்து சதவீத விமானங்களைக் குறைன்னு அரசு உத்தரவு போட்டது. இதைத்தான் எதிரணி கவனிக்கணும். வழித்தடத்தைப் பெருக்குகிறேன்னு விமானியைக் கணக்கிலே எடுக்காம விட்டாங்க. கடைசியிலே இருந்த வழித்தடத்துக்கும் விமானம் குறைஞ்சது! ஐரோப்பாவிலும் இதே பாடம்தான். 2017 செப்டம்பரிலே ரயன் ஏர் நிறுவனம் விமானிகளின் விடுமுறைக் கணக்கைக் குழப்பிக்கிட்டு, ஆறு வாரத்துக்குச் சுமார் 2,000 விமானங்களை ரத்து செய்தது. வழித்தடம் இருந்தது, விமானம் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே ஒரு வண்டியைக் காட்டுகிறார். ஏற்றியிருக்கிற சரக்கு என்ன? இரும்பா, கல்லா? மயிலிறகு! லேசான மயிலிறகுதானேன்னு மேலே மேலே ஏற்றினா, ஒரு கட்டத்திலே அச்சு முறிஞ்சுபோகும் என்கிறார். இன்னும் ஒரே ஒரு ஊர், இன்னும் ஒரே ஒரு இரவு, இன்னும் ஒரே ஒரு தரையிறக்கம்... ஒவ்வொண்ணும் மயிலிறகுதாங்க. அச்சு யார்? முன்னாலே உட்கார்ந்திருக்கிற அந்த ரெண்டு பேர்!

"ஓய்வு கொடுத்தா கட்டணம் கூடுமே"ன்னு கேட்பாங்க. கூடட்டுமே! கொஞ்சம் கூடுதலாக் கொடுத்து, பிள்ளை பத்திரமா வீடு வந்து சேர்ந்தா எந்தத் தாய் வேண்டாம்னு சொல்லுவா? சின்ன ஊருக்கு விமானம் வேணும். அது நிலைச்சு வரணும். இன்னைக்கு ரிப்பன் வெட்டி, நாளைக்கு நிறுத்துற வழித்தடத்தாலே அந்த ஊருக்கு என்ன லாபம்? விமானிகளை முதல்லே எண்ணுங்க, அப்புறம் ஊர்களை எண்ணுங்க. புதுக் கோடு போடறதுக்கு முன்னாலே, அந்தக் கோட்டுக்கு எத்தனை தூங்கி எழுந்த கண்கள் இருக்குன்னு பாருங்க. ஓய்வு வேர், வழித்தடம் கிளை. வேருக்குத் தண்ணி ஊற்றினா கிளை தானா வரும்.

விமானி தூங்கத்தான் போகிறான் நடுவர் அவர்களே. அதை எந்த முதலாளியாலும் தடுக்க முடியாது. எங்கே தூங்கணும் என்பதுதான் கேள்வி. விமானத்திலேயா, வீட்டிலேயா? வீட்டிலே தூங்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.