அம்மாவின் லப்டொப்

பத்து நிமிஷம் தந்திருக்கிறியள். நான் அம்மாவின் லப்டொப்பைப் பற்றிக் கதைக்கப் போறன்.

2016இல், என்ர ஜிசிஎஸ்இ நேரம், அப்பா வாங்கினது. அப்பா இப்ப இல்லை. அம்மா அதிலதான் செய்தி வாசிப்பா, வவுனியாவில இருக்கிற அம்மம்மாவோட கதைப்பா. திரை நல்லாயிருக்கு, கீபோர்ட் நல்லாயிருக்கு. ஆனால் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தது, அதற்குப் பிறகு? விண்டோஸ் 11இன் விதிகளின்படி 2016இல் வந்த இன்டெல் சிப்புகள் பெரும்பாலும் தகுதியற்றவை. கடைக்காரர் சொன்னது ஒரே வசனம்: "புதுசு வாங்குங்கோ."

கவனியுங்கள். எதுவும் பழுதாகவில்லை. ஒரு திகதிதான் அதைப் பழசாக்கியது.

நான் லினக்ஸ் மின்ட் போட்டேன். முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்கில் பிரதி எடுத்தேன். யுஎஸ்பியில் இருந்து ஓடவிட்டு, வைஃபை, கமரா, சத்தம் எல்லாம் பார்த்தேன். பிறகுதான் பழையதை அழித்தேன். வேலை செய்துகொண்டே அம்மாவுக்கு ஒரு பிரசங்கம் வேறு: 1983இல் ஸ்டோல்மன் தொடங்கிய குனு, பொதுச்சொத்து, உழைப்பு...

அம்மா கேட்டா: "அப்பான்ர கடிதங்களைத் திற பாப்பம்."

திறந்தேன். ஒரு தமிழ் எழுத்தில்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அம்மா ஒண்டும் சொல்லேல்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டா.

அப்பா பாமினியில் தட்டச்சு செய்தவர். எங்கட வீடுகளில் நிறையப் பேர் அப்படித்தான். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைகிற பழைய எழுத்துரு. அது இல்லாத கணினி ஆங்கிலத்தைத்தான் காட்டும். யூனிகோட்டில் அப்படியில்லை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் இருக்கு. கோப்புகள் அழியவில்லை, எழுத்துருதான் இல்லை. பழைய பிரதியில் இருந்து அதை எடுத்துப் போட்டதும் அப்பா திரும்ப வந்தார். பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு யூனிகோட் பிரதி செய்து வைத்தேன். இரண்டு இரவு போச்சு.

நான் எல்லாவற்றையும் சோதித்தேன், அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை: "இதில உங்களுக்கு எது முக்கியம்?" எங்கட அரசியலிலும் இந்தப் பிழை நடக்கிறதுதானே. சரியான தீர்வோட போவம், ஆனால் பக்கத்தில இருக்க மாட்டம்.

கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. மென்பொருள் இலவசம் என்பதால் மட்டும் அது நடக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே லண்டனிலும் ரீஸ்டார்ட் புரொஜெக்ட் பத்து வருஷத்துக்கு மேலாகச் செய்வது அதுதான்: தன்னார்வலர் பக்கத்தில் இருந்து, கொண்டுவந்தவரோடு சேர்ந்து திருத்துவது.

நாங்களும் ஒரு சனிக்கிழமை ஒதுக்குவம். எங்கட அம்மா, மாமா, பக்கத்து வீட்டு அன்ரி எல்லாரும் பழைய லப்டொப்போட வரட்டும். முதலில் கேள்வி, பிறகு பிரதி, பிறகு பாமினி, தமிழ் 99 விசைப்பலகை. கடைசியாகத்தான் அழிக்கிறது.

பிரசங்கம் வேண்டாம். தேத்தண்ணியை நாங்கள் போடுவம்.