அறிவியல் புனைகதை சிறுவர் விளையாட்டா?

 

"தேர்வெழுதி வேலைக்குப் போகவேண்டிய பிள்ளை, இயந்திர மனிதன் கதையைப் படித்துக்கொண்டிருக்கலாமா?" என்று நம் பெற்றோர் கேட்பதுண்டு. பண்ணையில் உழைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்களின் கேள்வி அது. அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. வெறும் பொழுதுபோக்காக முடிந்துபோகும் அறிவியல் கதைகள் பல உண்டு என்பதும் உண்மையே. ஆயினும், பதரைக் கண்டு நெல்லையே வேண்டாமென்பார் இத்தஞ்சைத் தரணியில் எவருமிலர். எனவே நல்ல நெல்மணிகள் சிலவற்றை எடுத்துப் பார்ப்போம்.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1895இல் 'காலப் பொறி' என்னும் நாவலை வெளியிட்டார். அதில் பல இலட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு மனித குலம் இரண்டு இனங்களாகப் பிரிந்துவிடுகிறது. மேலே வெயிலில் உழைப்பறியாத ஓரினம். கீழே இருட்டில் இயந்திரங்களோடு உழலும் மற்றோரினம். முதலாளி, தொழிலாளி என்ற பிரிவு முற்றியதன் விளைவு இது என்பதே கதையின் உட்பொருள். ஊரும் சேரியுமாகப் பிரித்து வைக்கப்பட்ட நமக்கு இதற்கு உரை வேண்டுமா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உழைக்கும் இனத்தையே வெல்ஸ் கொடிய விலங்குகளாகப் படைத்தார். மேலிருந்து பார்ப்பவனின் கண்ணுக்கு அவ்வாறுதான் தோன்றும்.

அதே வடிவத்தைக் கீழிருந்து பார்த்தவர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ். 1920இல் வெளியான அவருடைய 'வால்மீன்' என்னும் சிறுகதையில் நச்சுக் காற்றால் நியூயார்க் நகரமே மடிகிறது. வங்கியின் நிலவறைக்கு ஏவப்பட்ட கறுப்பின ஊழியன் ஒருவன் பிழைக்கிறான். வெள்ளைப் பெண் ஒருத்தியும் பிழைக்கிறாள். உலகில் வேறெவரும் இல்லையென நினைத்த வேளையில் நிறபேதம் உதிர்ந்துவிடுகிறது. நகருக்கு வெளியேயிருந்து அவளுடைய தந்தையும் பிறரும் வந்தவுடனே அது திரும்பிவிடுகிறது. மனிதனை மனிதனாகக் காண ஓர் ஊரே அழிய வேண்டுமா என்ற கேள்வி நம் நெஞ்சில் தைக்கிறது.

நம் தமிழில் இத்துறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர், பொறியியலாளராகவும் விளங்கிய சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய 'என் இனிய இயந்திரா'வில் மக்கள் எண்களால் அறியப்படுகின்றனர். பெயரைக் கேட்டுச் சாதியைத் துழாவும் நாட்டில், எண்ணே மேலென்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்த எண்ணே அங்கு விலங்காகிறது. நாட்டை ஆளும் ஜீவாவோ உண்மையில் மனிதனே அல்லன், வெறும் ஒளிப்பிம்பம்! சாதியை மறைத்தால் மட்டும் போதாது, அதிகாரம் எவர் கையில் என்று கேட்கவேண்டும் என்பதை நாம் அக்கதையிலிருந்து உணரலாம்.

1968 டிசம்பர் 24 அன்று அப்போலோ 8 கலத்தில் மூவர் நிலவைச் சுற்றினர். அவர்கள் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த 25ஆம் நாள் இரவில், அன்றைய நம் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய மக்களுள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அறிவியல் வளர்ந்தால் நீதி தானே வந்துவிடும் என்று நம்புவோர்க்கு இவ்விரு நாட்களே விடை. அறிவியல் யாருக்காக என்று கேட்கும் கதை, சிறுவர் விளையாட்டாகுமா? முதிர்ந்த அறிவுடையோரே எதிர்கொள்ள வேண்டிய வினாவன்றோ அது!

இன்று டெல்டாவில் அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் வந்துவிட்டன. குனிந்து நட்ட நம் பெண்களின் முதுகுக்கு அது ஓய்வாயிற்று, கூலிக்கோ இழப்பாயிற்று. இயந்திரம் எவருக்குச் சொந்தம்? காவிரியில் நீர் குறைந்து கடலோர நிலம் உப்பானால் முதலில் குடிபெயர்வோர் யார்? இவற்றை எழுத வெல்ஸ் வரமாட்டார். சுஜாதாவும் இன்று இல்லை. எதிர்காலத்தைப் பிறர் மட்டுமே கற்பனை செய்தால், அதில் நம் இடத்தையும் அவர்களே குறித்துவிடுவர்.

ஆகவே இளைஞர்களே, பாடநூலைக் கைவிடாதீர். அதனோடு இக்கதைகளையும் ஆராய்ந்து படியுங்கள், பின்னர் எழுதுங்கள். நம் கழக நூலகத்தில் இவற்றுக்கென ஓர் அடுக்கு ஒதுக்குமாறு பொறுப்பாளர்களை வேண்டுகிறோம்.