உண்ணும் முறையும் புற்றுநோய்த் தடுப்பும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் இலக்கியம் பேசாமல் உணவைப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டும். ஆயினும் இது இலக்கியத்திற்கு முற்றிலும் புறம்பான பொருளன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பத்துப் பாக்களுள் ஆறு, உண்ணும் அளவையும் பொழுதையும் பொருத்தத்தையுமே கூறுகின்றன. வள்ளுவர் புற்றுநோயை அறிந்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய உரைகாரர்கள் நம்மிடையே ஏற்கெனவே போதிய அளவில் உள்ளனர்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எவ்வுணவும் புற்றுநோயைக் குணப்படுத்துவதில்லை, முற்றிலும் தடுத்துவிடுவதுமில்லை. உணவு முறையால் குறைவது நோய் வருவதற்கான வாய்ப்பு மட்டுமே. நெறியோடு உண்டவர்க்கும் நோய் வருகிறது. ஆதலால் நோயுற்றவரிடம் சென்று, "என்ன தின்றீர்கள்?" என்று வினவுவது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தீட்டாத தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள நார்ப்பொருள் பெருங்குடற் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கிறது. நாமோ கம்பையும் கேழ்வரகையும் கவிதைக்குள் வைத்துப் போற்றிவிட்டு, பட்டை தீட்டிய அரிசியை இலையில் இட்டுக்கொள்கிறோம். அளவு மீறி உண்டு உடல் பருப்பதும் பலவகைப் புற்றுநோய்களுக்கு இடமளிக்கிறது. பதப்படுத்திய இறைச்சியை நாளும் 50 கிராம் உண்போர்க்குப் பெருங்குடற் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு மிகுகிறது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. மதுவைப் பற்றி 1988-இலேயே கூறிவிட்டது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. வறுத்தாலும் முற்றிலும் அழியாதது. அக்கடலையை வீணாக்கலாகாதென்று சட்னி அரைக்கும் சிக்கனம் வேண்டா.

இனி, இவ்வவைக்கே உரிய செய்திக்கு வருகிறேன். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் நம் வாயிலில் தாம்பூலத் தட்டு வைக்கப்படுகிறது. புகையிலைதான் தீது, வெறும் பாக்கு செரிமானத்திற்கு நல்லது என்பதே நம்முள் பலர் எண்ணம். நானும் நெடுங்காலம் அவ்வாறே நம்பியிருந்தேன். புகையிலை சேராத பாக்கும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பதே என்று அதே முகமை 2004-இல் வெளியிட்ட ஆய்வு நூல் உறுதிபடக் கூறுகிறது. பாக்கிலுள்ள அரிகோலின் முதலிய பொருள்கள் கன்னத்தின் உட்புறத் திசுவை நார்போல் இறுகச் செய்கின்றன. வாய் மெல்ல மெல்லத் திறக்க இயலாமற் போகிறது. சிலர்க்கு அது புற்றுநோயில் முடிகிறது.

என் பெரியம்மா புகையிலையைத் தொட்டவரல்லர். இடுப்பில் சுருக்குப் பையும் அதனுள் சீவற்பாக்கும் மட்டும் எந்நேரமும் இருக்கும். இறுதிக் காலத்தில் அவருக்குக் கரண்டி நுழையுமளவுகூட வாய் திறக்கவில்லை. குழந்தைக்குரிய பாலாடையால் கஞ்சி புகட்டினோம்.

பாக்கின்றிக் கவிதை வாராது என்பது இவ்வட்டத்து மூத்த கவிஞர் சிலரின் கட்சி. அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளலாம். தாம்பூலம் மங்கல மரபு என்பதை நான் மறுக்கவில்லை. வெற்றிலை இருக்கட்டும், பழமும் இருக்கட்டும். பாக்குப் பொட்டலங்களை மட்டும் அடுத்த கூட்டம் முதல் நிறுத்திவிடுமாறு செயற்குழுவை வேண்டுகிறேன். அச்செலவில் கொய்யாவோ நெல்லியோ வாங்கலாம். இவ்வேண்டுகோளைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.