பழைய டிராக்டருக்கு விலை பேசுமுன்

பழைய எச்.எம்.டி. டிராக்டர் மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். ஜீட்டர் நுட்பத்தில் 1971 முதல் பிஞ்சூரில் செய்த வண்டி, உழைக்கும். ஆனால் 2016-இல் அந்தப் பிரிவையே மூட மத்திய அரசு முடிவெடுத்தது. ஆகவே உதிரி சாமான் கிடைக்குமா என்று முதலில் டவுன் கடையில் விசாரியுங்கள்.

எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி இருக்கணும். அதில் கடன் பதிவு இருந்தால், நீங்கும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீங்க.

ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் சந்தேகம்தான். திண்ணையில் உட்கார்ந்து ஆறவிடுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று வருதா? ரிங், லைனர் தேய்ந்திருக்கும். தூக்கி நிறுத்திய கலப்பை சடக்கென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு. இந்தச் செலவையும் டயர் செலவையும் மெக்கானிக்கிடம் கேட்டுக் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள்.