கூரையை இரவல் வாங்க முடியாது

தற்காலக் கலை அருங்காட்சியகங்களின் கட்டடக்கலை பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. தலைமையுரை நீண்டால் முதல் அமர்வின் நேரத்தைத் தின்றுவிடும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கூரை.

இத்துறையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் பில்பாவோவில் போய் நின்றுவிடுகிறது. ஸ்பெயினின் அந்தத் தொழில் நகரத்தில் 1997இல் ஃபிராங்க் கெரி டைட்டானியத் தகடு போர்த்திய கூகன்ஹைம் அருங்காட்சியகத்தைக் கட்டினார். அதன் புகைப்படம் உலகமெங்கும் போயிற்று; நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பல நகரங்கள் ஆசைப்பட்டன. நல்ல கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே மாட்டியிருக்கும் ஓவியத்தின் மேல் என்ன வெளிச்சம் விழுகிறது என்பதை வெளிப்புறப் படம் எதுவும் சொல்லாது. அருங்காட்சியகத்தை முகப்பை வைத்து மதிப்பிடும் பழக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது என்பது என் எண்ணம்.

நண்பகலில் திறந்த வெளியில் வெயிலின் ஒளியளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போதும் என்கிறார்கள் பாதுகாப்பு வல்லுநர்கள். நீர்வண்ணம், காகிதம், துணி என்றால் 50 லக்ஸ். ஒளியால் நேரும் கேடு நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். ஒருமுறை வெளுத்த சாயம் திரும்பாது. லட்சத்தை இருநூறாகக் குறைக்க வேண்டும். ஆனாலும் பார்ப்பவருக்கு இருட்டறையில் நிற்கிறோம் என்று தோன்றக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்து தர வேண்டியது கூரையின் வேலை.

அதைச் செய்து காட்டிய கட்டடம் ஒன்றைச் சொல்கிறேன். டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் 1972இல் திறக்கப்பட்ட கிம்பெல் கலை அருங்காட்சியகத்தை, தானியக் கிடங்கு வரிசை என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். அவ்வளவு அடக்கம். 100 அடி நீளமுள்ள 16 கான்கிரீட் வளைகூரைகளைக் கட்டடக்கலைஞர் லூயி கான் பக்கம் பக்கமாக வைத்தார். வளைவின் கோடு அரைவட்டமன்று. உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரைந்து செல்லும் சைக்ளாய்டு. அது அரைவட்டத்தைவிடத் தாழ்ந்தது, ஆகவே கூடம் நம்மை மிரட்டுவதில்லை. பிறகு, வளைவின் உச்சியை நீளவாக்கில் பிளந்துவிட்டார் கான். உச்சி பிளந்த வளைவு வளைவாக நிற்காது. எனவே பொறியாளர் ஆகஸ்ட் கோமென்டன்ட் அதை உள்ளே எஃகு வடங்களை இறுக்கிய நீண்ட உத்திரமாகக் கணக்கிட்டு, நான்கு மூலைத் தூண்களில் மட்டும் நிறுத்தினார். பிளவின் கீழே, ஒளி வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லியின் யோசனைப்படி, துளையிட்ட அலுமினியத் தகடுகள் இறக்கைபோல் விரிந்து தொங்குகின்றன. வெயில் அவற்றில் பட்டு மேலேறி, வளைவின் அடிப்பக்கக் கான்கிரீட்டில் தோய்ந்து, மெல்லிய வெளிச்சமாகக் கீழே இறங்குகிறது. கான் அதை வெள்ளி ஒளி என்றார். வெளியே மேகம் கடந்தால் உள்ளே தெரியும். அந்தக் கூரை ஒருவரால் ஆனதல்ல என்பதை இங்கே இருக்கும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து நகரமான டாலசில் 2003இல் ரென்சோ பியானோ நாஷர் சிற்ப மையத்தைக் கட்டினார். கண்ணாடிக் கூரைக்கு மேல் வார்ப்பு அலுமினியச் சல்லடை. அதன் கண்கள் எல்லாம் வடக்கு நோக்கியவை. டாலசின் வானில் சூரியன் செல்லும் பாதையைக் கணக்கிட்டு, நேர்வெயில் ஒருபோதும் நுழையாதபடி செய்தவை. கணக்கு சரிதான். ஆனால் சில ஆண்டுகளில் அருகே 42 மாடிக் கண்ணாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. அதில் பட்டுத் தெறித்த வெயில், வராது என்று நம்பிய திசையிலிருந்தே கூடத்துக்குள் வந்து விழுந்தது. தோட்டத்திலிருந்த கலைஞர் ஜேம்ஸ் டரலின் படைப்பு, திறந்த வானத்தை மட்டும் பார்க்கவென்றே செய்யப்பட்ட அறை. அதற்குள்ளும் கோபுரம் தலைகாட்டியது. தம் படைப்பு அழிந்ததாகவே டரல் கருதினார். அருங்காட்சியகத்தின் கூரை அக்கம்பக்கத்து மனைகளின் கட்டட விதிகளிலும் இருக்கிறது என்பதை நம் நகரமைப்புத் துறையினர் கவனிக்க வேண்டும்.

வெப்ப நாட்டுக்கு நெருங்கிய உதாரணம் அபுதாபி லூவ்ர், 2017. ஜான் நுவேல் பேரீச்ச ஓலைக் கூரையை நினைவில் வைத்து 180 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தை எட்டு அடுக்காக அமைத்தார். அதில் 7,850 நட்சத்திர வடிவங்கள். புள்ளி புள்ளியாக வெயில் இறங்கும் காட்சிக்குப் புகழ் கிடைத்தது. ஆனால் ஓவியங்கள் இருப்பது அந்தக் குவிமாடத்தின் கீழுள்ள வெள்ளைக் கட்டடங்களுக்குள், தனிக் கட்டுப்பாட்டில். குவிமாடம் நடப்பவருக்கான நிழல். முதலில் மண்ணுக்கு நிழல், பிறகு கலைக்கு அறை. இந்த வரிசை நமக்குப் பொருந்தும்.

நாம் கூடியிருப்பது சென்னையில், 13 பாகை வடக்கில். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் இங்கே உச்சிக்கு வடக்கே நிற்கிறது. வடக்கு வெளிச்சம் மென்மையானது, நம்பகமானது என்ற ஐரோப்பியப் பாடம் நம் கொடிய கோடையில்தான் பொய்க்கிறது. டாலசின் சல்லடையை அப்படியே கொண்டுவந்து இங்கே மாட்டினால் நேர்வெயிலை வரவேற்றதாகும். ஐப்பசி, கார்த்திகை மழை வேறு இருக்கிறது. கண்ணாடி இணைப்புகள் ஒழுகாமல் இருப்பது பெரிய வித்தை. அகமதாபாத்தில் சன்ஸ்கார் கேந்திரா அருங்காட்சியகத்தைத் திட்டமிட்டபோது லெ கொர்பூசியே கட்டடத்தைத் தூண்கள்மேல் உயர்த்தி, கூரைமேல் நீர்த்தொட்டிகளை வைத்து வெப்பத்தைத் தணிக்க நினைத்தார். அந்த முயற்சி எவ்வளவு பலித்தது என்பது வாதத்துக்குரியது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சரியானது.

நம் செல்வமோ செப்புத் திருமேனிகள். அவை ஒளிக்கு அஞ்சுவதில்லை. குளோரைடுக்கும் ஈரத்துக்கும் அஞ்சுகின்றன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930களிலேயே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் செப்புத் திருமேனிகளின் அரிப்பை நீக்கும் பணியைச் செய்தார். அத்தனை பழைய அறிவு கையிலிருந்தும், மாலையில் குளிர்சாதனத்தை நிறுத்தி, ஈரப்பதத்தை இரவும் பகலும் ஏறி இறங்க விடும் கட்டடங்களையே இன்னும் வரைகிறோம். இன்னொன்று: இந்தத் திருமேனிகள் எண்ணெய் விளக்கிலும் தீவட்டியிலும் பார்க்கப்பட்டவை; பக்கவாட்டில் வந்த, அசைந்த வெளிச்சம் அது. நேர் மேலிருந்து விழும் விளக்கு புருவத்தின் கீழே குழி விழச் செய்து, முகத்தின் புன்னகையை மறைத்துவிடுகிறது. ஆகவே ஓவியங்களுக்காகப் பிறந்த கிம்பெல் கூரையும் நமக்கு முழு விடையாகாது.

கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். முகப்புப் படங்களைக் குறைத்துக் குறுக்குவெட்டு வரைபடங்களைக் காட்டுங்கள். எந்த மாதம், எந்த மணி, எத்தனை லக்ஸ், எவ்வளவு ஈரப்பதம் என்று அளந்து சொல்லுங்கள். கருத்தரங்கத் தொகுப்பு நூலாக வரும்போது, கடலோர மாவட்ட அருங்காட்சியகம் ஒன்றுக்கான கூரையை அளவுகளுடன் முன்வைக்கும் கட்டுரை ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். முதல் அமர்வைத் தொடங்கலாம்.